யன்னலில் பிடித்த படம்

காலை பத்து மணியிருக்கும். ஜெனரேற்றர் ஓடும் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டிய எக்ஸ்ரே படங்கள் ஆறு இருந்தன. கால் முறிந்த ஒரு கிழவரை மேசையில் ஏற்றிக் கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்ற நர்ஸ் மிஸி சொன்னார்: "உங்கடை டொக்டர் விடியப்புறம் காலமாயிட்டாராம். நல்லூரிலை, வீட்டிலை தான்."

"அவர் என்ரை டொக்டர் இல்லை" என்றேன்.

மிஸி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் கிழவரின் காலை நேராக்கிப் படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் முழங்கால் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு ஃபிலிம் வீணானால் அடுத்தது எப்போது வருமென்று தெரியாத காலத்தில், இருபது வருடம் இந்த வேலை செய்தவன் விடக்கூடிய பிழை அல்ல அது.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் டொக்டரின் மகள் சைக்கிளில் மானிப்பாய்க்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். வெள்ளைத் தாள் கிடைக்காது, கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சாகும், அதிலே நானும் எழுத வேண்டும் என்றார்.

"நான் எழுதினா நல்லதா வராது, பிள்ளை" என்றேன்.

"எழுதுங்கோ அங்கிள். ஒரு சொல்லும் வெட்டமாட்டன்."

போகும்போது ஒரு பழைய கொப்பியையும் கையில் தந்துவிட்டுப் போனார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதை வாசிப்பவர்களில் பலர் டொக்டர் நவசிவாயத்திடம் மருந்து எடுத்தவர்கள், அல்லது வீட்டில் ஒருவரை அவரிடம் கூட்டிக்கொண்டு போனவர்கள். உங்களுக்கு அவர் தெய்வம் மாதிரி. இருக்கட்டும். நான் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

மனநோய் வைத்தியரை விசர் டொக்டர் என்று சொல்லும் ஊர் இது. அவருக்கு அதில் கோபம் வந்ததில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிழமையில் ஒரு நாள் வருவார். சைக்கிள் பாரில் குடையைக் கட்டியிருப்பார். ஆட்களைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடும் வழக்கம் அவரிடம் இல்லை. தானே வெளியே வந்து, நோயாளிகள் இருக்கும் நீள வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொள்வார். கதை முடிய எழும்பி அடுத்த ஆளுக்குப் பக்கத்தில் போய் இருப்பார். வாங்கின் ஒரு தொங்கலில் தொடங்கி மற்றத் தொங்கலில் மத்தியானம் ஆகும். மருந்தை இடையில் விட்டவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. அதுக்கு முதல் என்னட்டை வந்து ஒருக்காச் சண்டை பிடிச்சிட்டு நிப்பாட்டுங்கோ." அப்படிச் சண்டை பிடிக்க வந்தவர்கள் பெரும்பாலும் மருந்தோடுதான் திரும்பிப் போனார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் நின்று அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

என் தங்கச்சி புவனாவும் அந்த வாங்குக்கு வந்தாள். எண்பத்தாறில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு மாதம் நித்திரையே இல்லாமல் பாடினாள், கதைத்தாள், வீட்டிலிருந்த சீலைகளை எல்லாம் அயலுக்குக் கொடுத்தாள். பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரோ தன்னைக் கூப்பிடுவதாகவும் சொன்னாள். வேறோர் இடத்தில் காட்டியபோது அதை மனச்சிதைவு என்று சொல்லி ஊசி போட்டார்கள். ஊசி அவளை அமைதியாக்கியது உண்மை. ஆனால் கை கால் விறைத்து, வாயூறி, எழுதிய பெயரைத் திரும்ப வாசிக்க முடியாதவளாகிவிட்டாள். அம்மா செய்வினை என்றா. கோயிலில் கொண்டுபோய் இருத்த வேண்டும் என்று நின்றா.

டொக்டர் நவசிவாயம் ஆறு மாதம் புவனாவுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கெண்டா இது மனச்சிதைவு மாதிரித் தெரியேல்லை. ஒரு காலம் துள்ளல், ஒரு காலம் முடக்கம். இருமுனை நோய் எண்டு நினைக்கிறன். ஊசியைக் குறைச்சு லித்தியம் எண்ட குளிசையைக் குடுத்துப் பாப்பம்."

"நினைக்கிறன் எண்டா எப்பிடி டொக்டர்? எதை வைச்சு?"

"ஆளை வைச்சுத்தான்."

எனக்கு அது போதவில்லை. லித்தியம் அளவு கூடினால் நஞ்சு என்று எனக்குத் தெரியும். நான் எலும்பையும் நெஞ்சையும் படம் எடுத்து வாழ்பவன். படத்தில் விழாத ஒன்றை நம்பித் தங்கச்சிக்கு நஞ்சு கொடுப்பதா என்று நினைத்தேன். மாட்டேன் என்றேன். அடுத்த கிழமையும் கேட்டார், மாட்டேன் என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது நான் சொன்னது இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: "மனச்சிதைவோ மற்ற வருத்தமோ எண்டு ஒரு படத்திலை காட்டுங்கோ. பிறகு என்னத்தையும் குடுங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. கொழும்பிலை தலையை ஸ்கான் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

அது எண்பத்தெட்டு, றெயில் ஓடிக்கொண்டிருந்த காலம். நானும் புவனாவும் போனோம். அந்த மெஷினைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தலையைப் பூசணிக்காயைக் கிடையாக வெட்டுவது போல அடுக்கடுக்காகப் படமெடுக்கும் என்று வாசித்திருந்தேன், கண்டது அன்றுதான். மேசையில் ஏறிப் படுத்த புவனா என்னைப் பார்த்து, "என்ரை தலைக்குள்ளை என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது. இவைக்குத் தெரியுமாமோ?" என்று கேட்டாள். ஊசி தொடங்கிய பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அது. நான் சிரிக்கவில்லை. "ஆடாமல் கிட" என்றேன்.

படங்களைக் கையில் தந்தார்கள். அறிக்கை ஒட்டிய கடித உறையில், டொக்டரின் பெயருக்கு வந்தது. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படம் எடுப்பது எங்கள் வேலை, வாசித்துச் சொல்வது டொக்டரின் வேலை. நெஞ்சில் இவ்வளவு பெரிய கட்டி தெரிந்தாலும் "டொக்டர் சொல்லுவார்" என்று மட்டும் சொல்லிப் படத்தைக் கொடுப்போம். என் தங்கச்சியின் உறைதான், றெயிலில் ஒரு பகல் முழுக்க என் மடியில் கிடந்தது. நான் உடைக்கவில்லை.

டொக்டர் உறையைப் பிரித்து வாசித்தார், மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். பிறகு படத்தை யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். பேனை மூடியால் தொட்டுக் காட்டினார்.

"இஞ்சை பாரும். நடுவிலை கறுப்பா இரண்டு அறை தெரியுதோ? மனச்சிதைவு எண்டா இது அகண்டு கிடக்கும். இது அளவாத்தான் இருக்கு. அது இல்லை. நான் சொன்ன வருத்தம்தான்."

எனக்கு அளவும் தெரியவில்லை, அகலமும் தெரியவில்லை. மூளைப் படம் நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. அவருக்குத் தெரிகிறது, எனக்குக் கண் காணாது என்று நினைத்துக்கொண்டேன். "ஓம் டொக்டர், தெரியுது" என்றேன்.

லித்தியம் தொடங்கியது. மூன்றாம் மாதம் புவனா ஒரு பின்னேரம் தானாகத் தலை பின்னிக்கொண்டு, சைக்கிளை எடுத்து மருதடிப் பிள்ளையாருக்குப் போய் வந்தாள். அம்மா வாசலில் நின்று அழுதா. அன்று முதல் டொக்டர் எனக்கும் தெய்வம்தான். எண்பத்தொன்பதில் புத்தூரில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை யோகராசா, வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிறவர். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பவர்கள் அந்தக் குடும்பத்தில் விசர் உண்டா என்று நாலு இடத்தில் விசாரிக்காமல் விடமாட்டார்கள். யோகராசா நாலு இடத்துக்குப் போகவில்லை, நேரே எக்ஸ்ரே அறைக்கு என்னிடமே வந்தார். நான் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். டொக்டர் காட்டிய இடத்தை அதே மாதிரிப் பேனை மூடியால் காட்டினேன்.

"தலையிலை ஒரு பிழையும் இல்லை. மனச்சிதைவு இல்லவே இல்லை. நான் படத்தைப் பார்த்துத்தான் சொல்லுறன்."

அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆவணியில் கலியாணம் நடந்தது.

பிறகு சண்டையில் பாதை மூடியது, கரண்ட் போனது, மருந்து வருவது குறைந்தது. லித்தியத்தின் அளவை அறிய இரத்தம் சோதிக்க வேண்டும், அதற்கு வழியில்லை. டொக்டர் தன் வழியைக் கண்டுபிடித்தார். புத்தூருக்கே சைக்கிளில் போவார். புவனாவைக் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு கொப்பித் தாளை வைப்பார். தாள் எவ்வளவு நடுங்குகிறது என்று பார்த்துக் குளிசையைக் கூட்டுவார், குறைப்பார். தாளில் சுற்றிய சின்ன உப்புச் சரையைக் கையில் கொடுத்து, வெயிலில் வேலை செய்தால் தண்ணீரும் உப்பும் விடாதே என்று சொல்லிவிட்டு வருவார். ஒரு மனிதருக்காக இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்த வைத்தியரை நான் வேறு கண்டதில்லை. இதை மறைத்தால் நானும் பொய்யன்.

தொண்ணூற்று மூன்றில் குளிசை அடியோடு தீர்ந்தது. புவனா பட்டப்பகலில் வெங்காயத் தோட்டத் தறைக்குள் நின்று, இல்லாத ஒருத்தியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். துள்ளலும் இல்லை, முடக்கமும் இல்லை, குரல் மட்டும்தான். சாப்பாட்டில் நஞ்சு என்று தட்டைத் தள்ளினாள். கேள்விப்பட்டு ஓடினேன். முற்றத்தில் யோகராசா நின்றார்.

"மருந்து இல்லாததுதான் காரணம், மச்சான். மற்றப்படி தலை சுத்தம். படத்திலை..."

"இன்னும் அந்தப் படத்தையோ தூக்கிப் பிடிக்கிறியள்?" என்றார். "அண்டைக்கும் முகத்துக்கு நேரை பொய் சொன்னனீங்கள். இண்டைக்கும் சொல்லுறியள். இனி என்னோடை கதைக்க வேண்டாம்."

எனக்கு விளங்கவில்லை. ஏதோ ஆத்திரத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். வேறு மருந்து தேடிக் கொடுத்து, புவனா மெல்ல மெல்லத் தேறினாள். யோகராசா அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். என்னோடு மட்டும் கதைக்கவில்லை. நான் போனால் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அடுத்த வருடம் டொக்டருக்கு நெஞ்சு வருத்தம் வந்து வீட்டில் தங்கிவிட, அவரின் இடத்துக்கு ஒரு இளம் டொக்டர் வந்தார், பெண்பிள்ளை. புவனாவின் பழைய மருத்துவக் கோவையைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு ஸ்கான் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். கோவைக்குள் அந்த அறிக்கை இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அதை நான் வாசித்தேன். மூளையின் பக்க அறைகள் இரண்டும் வயதுக்குச் சற்று விரிந்துள்ளன, இதைக் கொண்டு எந்த நோயையும் குறித்துச் சொல்ல முடியாது என்று இரண்டே வரி.

"விரிஞ்சிருக்கோ? அகலேல்லை எண்டெல்லோ அவர் சொன்னவர்? அப்ப மனச்சிதைவோ?"

"அப்பிடியும் சொல்லேலாது" என்றார் அந்தப் பிள்ளை பொறுமையாக. "கனபேரை எடுத்துச் சராசரி பாத்தா மனச்சிதைவு உள்ளவைக்குக் கொஞ்சம் கூட அகண்டிருக்கு. இருமுனை நோய்க்காரரிலும் சிலருக்கு அப்பிடி. ஒரு வருத்தமும் இல்லாத ஆக்களுக்கும் இருக்கு. தனி ஆளின்ரை படத்தை வைச்சு இதுவோ அதுவோ எண்டு ஆராலும் சொல்லேலாது, அண்ணை."

"இது நவசிவாயம் டொக்டருக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

அந்தப் பிள்ளை அறிக்கையை மடித்து என் கையில் தந்தார். அதுவே பதில்.

அன்றே நல்லூரில் நவசிவாயம் டொக்டர் வீட்டுக்குப் போனேன். சாய்மனைக் கதிரையில் இருந்தார். அறிக்கையை மடியில் போட்டேன். எடுத்துப் பார்க்கவுமில்லை.

"ஓம். பொய்தான் சொன்னனான். நீர் படம் கேட்டீர். படம் காட்டாட்டி மருந்து குடுக்க விடமாட்டீர். புவனா ஊசியோடை கட்டையாய்ப் போயிருக்கும்."

"நான் அதை நம்பி இன்னொருத்தருக்குச் சொன்னனான் டொக்டர். என்ரை வாயாலை சொன்னனான். யோகராசா என்னைப் பொய்யன் எண்டு கதையாமல் விட்டிட்டார்."

"முதல் நாளே உமக்குச் சொல்லியிருக்கோணும். பேந்து நாள் போகப் போகக் கஷ்டமாப் போச்சு" என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. புத்தூருக்கு வந்து, நான் தெரிந்து பொய் சொல்லவில்லை என்று யோகராசாவிடம் ஒரு சொல் சொன்னால் போதும் என்று கேட்டேன். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். எக்ஸ்ரேக்காரனுக்குப் படம் வாசிக்கத் தெரியாதென்றால் யார் நம்புவார்கள்?

"வாறன். இந்த நெஞ்சு நோ கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

ஆறியது. மறுபடி சைக்கிள் ஓடத் தொடங்கினார். இரண்டாம் தரம் கேட்டேன், வாறன் என்றார். மூன்றாம் தரம் கேட்கக் கிடைக்கவில்லை. கோயில் வீதியில் எதிரே வந்தவர் என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பி ஒரு குறுக்கு ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டார். விசர் முற்றிக் கத்தியோடு நின்றவனுக்கு முன்னால் கைகட்டி இருந்து கதைத்த மனிதர், எனக்குப் பயந்து ஒழுங்கைக்குள் ஓடினார். அதன் பிறகு நான் அவரைத் தேடிப் போகவில்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க மனம் வரவில்லை. முற்றம் நிறைய அந்த வாங்கில் இருந்தவர்கள். புவனாவும் யோகராசாவும் புத்தூரில் இருந்து ஒரே சைக்கிளில் வந்திருந்தார்கள். சவம் எடுத்த பிறகு கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற புவனாவிடம் ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன்: "எல்லாரும் அழுங்கோ. அந்தாள் எங்களுக்குப் பொய்ப் படம் காட்டின ஆள்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அவர் அண்டைக்கே சொன்னவர், அண்ணை. படத்திலை ஒண்டும் தெரியாது, என்ன வருத்தமெண்டு எனக்கும் முழுசாத் தெரியாது, இந்தக் குளிசையைப் போட்டுப் பாப்பம், உனக்குச் சம்மதமோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டனான். இவருக்கும் கலியாணத்துக்கு முதல் அப்பிடியே சொல்லித்தான் கட்டினனான்."

நான் யோகராசாவைப் பார்த்தேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அண்ணைக்கு நான் சொல்லுறன், நீ சொல்லாதை எண்டவர். சொல்லியிருப்பார் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான். உங்களுக்குத் தெரியாதோ?"

யோகராசா அப்போது வாய் திறந்தார். என்னிடம் அல்ல, புவனாவிடம்: "படத்தைக் கையிலை வைச்சிருந்த ஆளுக்குத் தெரியாதாமோ? வா, போவம்."

அவளிடம் உண்மை கேட்டு, தெரிந்தே அவளைக் கட்ட நினைத்த மனிதரிடம் நான் படத்தை மாட்டிப் பொய் அடித்திருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எதற்காக என்று எனக்கு ஆறு வருடம் கழித்து ஒரு கிணற்றடியில் விளங்கியது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் படத்தை நம்பியவன் நான் ஒருவன்தான்.

இனி அந்தக் கொப்பி. நோயாளிகள் சிலருக்கு டொக்டர் வீட்டில் தனிக் கொப்பி வைத்திருந்தார், இது புவனாவுடையது. ஒவ்வொரு சந்திப்பும் இங்கிலிசில் இரண்டு மூன்று வரி. ஒவ்வொன்றின் அடியிலும் தமிழில் ஒரு வரி: "தமையனுக்குச் சொல்ல வேண்டும்." எண்பத்தெட்டில் தொடங்குகிறது. நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. சில இடத்தில் கீழே கோடும் இழுத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில், நான் அவரின் வீட்டுக்குப் போன நாளின் திகதியில்: "தமையன் வந்தார். புத்தூருக்குப் போக வேண்டும்." அதற்குக் கீழே, வேறு மையில்: "நாளைக்கு."

கொப்பியோடு புத்தூருக்குப் போனேன். யோகராசா எழும்பித் தோட்டத்துக்குப் போகப் பார்த்தார். "வாசிச்சுப்போட்டுப் போங்கோ" என்று கையில் வைத்தேன். நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார். மூடித் தந்துவிட்டு, "மச்சானுக்குத் தேத்தண்ணி வை" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வாய் நனைத்தேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம்.

வெளிக்கிடும்போது புவனாவைக் கேட்டேன்: "கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை உனக்கு விருப்பம் இருந்ததோ?"

"நீங்கள் கேக்கேல்லையே, அண்ணை" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். படலை வரைக்கும் வந்தாள். "மலரிலை எழுதுறதெண்டா ஒண்டு எழுதுங்கோ. டொக்டர் எனக்குப் பொய் சொல்லேல்லை எண்டு எழுதுங்கோ."

கொப்பியை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. டொக்டரின் மகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படமும் என்னிடம்தான் இருக்கிறது, இனி யாருக்கும் காட்டமாட்டேன். இன்று காலை மேசையில் ஏறிய ஒரு மனுசியிடம் "படம் எடுக்கட்டோ, அம்மா?" என்று கேட்டேன். இருபது வருடத்தில் நான் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தரம். டொக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் தங்கச்சி கேட்டபடி எழுதுகிறேன். டொக்டர் நவசிவாயம் அவளுக்குப் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னார்.